பாட்டு ஓடாத நேரம்

…இறுக்கம் என்று சொல்ல முடியாது, முதல் நாள் மட்டும் நெற்றிப்பொட்டுக்கு மேலே, கண்ணாடிக் காம்பு போகிற இடத்தில் லேசாக அழுத்தியது, இப்போது அதுவும் இல்லை, என் தலை இதற்குப் பழகிவிட்டதா, இது என் தலைக்குப் பழகிவிட்டதா, எதை எழுதுவது... எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் யார் யார் தலையிலோ உட்கார்ந்துவிட்டு வந்த ஹெட்போன், வளையம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஆச்சரியமில்லை, வெல்வெட் பஞ்சில் தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது, ஈரோட்டுக்காரருடையதாக இருக்கும், அவர்தான் எனக்கு அனுப்பியவர், "பேஸ் சற்றுக் குறைவு, ஆனால் நேர்மையான பேஸ்" என்று எழுதியிருந்தார், அடிநாதத்தைத்தான் பேஸ் என்பார்கள், அதில் என்ன நேர்மை, நாங்கள் எல்லோருமே இப்படித்தான் எதையாவது எழுதி வைக்கிறோம்... எங்கள் ஹெட்போன் ரசிகர் குழுவில் இது ஒரு வழக்கம், கடைக்காரர் ஒரே ஒரு ஹெட்போனைக் கொடுப்பார், அது ஒருவரிடம் ஒரு வாரம் இருக்கும், பாட்டுக் கேட்டு, மணிக்கணக்கில் போட்டுப் பார்த்து, நல்லது கெட்டதை எழுதிவிட்டு, பத்திரமாகப் பெட்டியில் வைத்து அடுத்தவருக்குக் கூரியரில் அனுப்பிவிட வேண்டும், என் வாரம் இன்றோடு முடிகிறது, மதியம் கூரியர்காரர் வந்துவிடுவார், அடுத்து மதுரையில் பாண்டியன் என்று ஒருவர் காத்திருக்கிறார், நேற்றே கேட்டுவிட்டார், அனுப்பிட்டீங்களா சார் என்று, கள்ளிக்குப்பத்திலிருந்து இது மதுரைக்குப் போகும், நான் சாயங்காலம் ஷிப்டுக்குப் போவேன், எழுத வேண்டியதில் இதுவரை ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன், "அணிந்திருப்பதே மறந்துவிடுகிறது." அதுவும் பொய்... தலையில் ஒன்று இருப்பது எப்படி மறக்கும், எனக்கு எதுவும் மறப்பதில்லை, களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான், தூங்கி எழுந்தும் போகாத களைப்பு.

இதற்கு முதுகு கிடையாது, அதுதான் இதன் விசேஷம், ஓப்பன் பேக் என்பார்கள், காதை மூடுகிற கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் பிளாஸ்டிக்குக்குப் பதில் கம்பி வலை, சல்லடை மாதிரி, உள்ளே ஓடுவது வெளியே போகும், வெளியே நடப்பது உள்ளே வரும், இதில் எதை மறைத்துக் கேட்பது... ஆனால் அதற்காகத்தான் கொண்டாடுகிறார்கள், பாட்டு மண்டைக்குள் அடைந்து கிடக்காமல் எதிரே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள், உண்மைதான், இருந்தது, நான் எப்போதும் சோதனைக்கு வைத்திருக்கிற வீணைப் பதிவில் தந்தியில் நகம் படுவதும், வாசிக்கிற அம்மாள் ஓரிடத்தில் மூச்சை இழுத்துக்கொள்வதும், பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்துவதும் அதனதன் இடத்தில் கேட்டன, அந்தச் சின்னத் துண்டையே காலையிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன், என் மனைவி பவ்யா உள்ளே வந்து, "என்னங்க இது, உங்க காதுல கேக்குறதவிட ஹால்ல ஜாஸ்தி கேக்குது, அந்தம்மா மூச்சு இழுக்குறது எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு" என்றாள், நான் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினேன், அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து எதையோ செருகினாள், இந்த வீட்டில் இந்த அறை ப்ளக் பாயிண்ட் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது, நிமிர்ந்து கொஞ்ச நேரம் நின்றாளோ என்னவோ, வளையல் சத்தம் வாசல்வரை போய் அங்கே நின்று பிறகு போயிற்று. அவ்வளவு துல்லியமாகக் கேட்டது, அதை எழுதியிருக்கலாம்.

என் பழைய ஹெட்போன் வேறு ரகம், வெளிச்சத்தத்தையே விழுங்கிவிடும், பட்டனை அமுக்கினால் மேல் வீட்டு டிரில்லர், தெருவில் மைக் கட்டிக்கொண்டு வெங்காயம் விற்கிற வண்டி, திருமுல்லைவாயல் பக்கம் போகிற ரயிலின் ஹாரன், எல்லாம் போய்விடும், அதை வாங்கியதற்கு என்ன காரணம் என்று யாராவது கேட்டால் மேல் வீட்டில் டைல்ஸ் வேலை நடந்தது என்று சொல்வேன், உண்மை அது இல்லை... குழந்தைப் பேச்சை எடுப்பதை நாங்கள் இருவருமே நிறுத்திக்கொண்ட சமயம் அது, டாக்டர் இனிமேல் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டார், அதற்குப் பிறகும் வீட்டில் பேச்சு இருந்தது, அரிசி இருக்கிறதா, கேஸ் புக் பண்ணியாச்சா, ஆனால் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் ஒரு ஊமைத்தனம் வந்து உட்கார்ந்துகொண்டது, அதைத் தாங்க முடியவில்லை எனக்கு, அதற்குத்தான் மாட்டிக்கொண்டேன், பல நாள் பாட்டே இல்லாமல். அவளும் பாவம், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய் ஜாடைக்கு வந்துவிட்டாள், விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு, டம்ளரைப் பிடிக்கிற மாதிரி கையைச் சாய்த்தால் டீ, மணிக்கட்டைத் தட்டினால் ஷிப்டுக்கு நேரமாகிறது, நான் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் அப்புறம்... என் பக்கமிருந்து இருந்த ஒரே ஜாடை அதுதான். கூரியர், கேஸ், தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் அவள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன், என் போன் அடித்தால் எனக்குக் கேட்காது என்று கூரியர்காரருக்கே தெரியும்.

சரி, கடைசிச் சோதனை, பாட்டில்லாச் சோதனை, இது என்னுடைய ஏற்பாடு, குழுவில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை, பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது, பாட்டு ஓடும்போது எங்கே குத்துகிறது எங்கே வேர்க்கிறது என்று தெரியாது, நிறுத்தினால்தான் ஒவ்வொன்றாகத் தெரியவரும்... நிறுத்தினேன், கண்ணை மூடிக்கொண்டேன், காது மடல் சுடவில்லை, நல்லது, இந்த ஊர் வெயிலுக்கு அதுவே பெரிய விஷயம், உச்சந்தலையில் பட்டை படுகிற இடத்தில் லேசான பாரம், பரவாயில்லை, அடுப்படியில் குக்கர் கடைசி விசிலை அடித்து ஓய்ந்தது, மேல் வீட்டில் யாரோ கட்டிலை இழுத்தார்கள், வலது பக்கம் தூரத்தில் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப் பீப், ஒவ்வொரு சத்தமும் தனித்தனி இடத்தில், எவ்வளவு அகலம், பாட்டில்லாமலே மேடை அமைக்கிறது இந்த ஹெட்போன் என்று ஒரு வரி எழுதலாமா, எழுதினால் ஈரோட்டுக்காரர் கைதட்டுவார். அப்போதுதான் ஹாலிலிருந்து பவ்யாவின் குரல் வந்தது, "இல்லக்கா, இன்னிக்குத்தான் கடைசி" என்றாள்.

கோயமுத்தூரில் இருக்கிற அவள் அக்கா ரேகாவோடு பேசுகிறாள் என்று தெரிந்தது, தினமும் பேசுவாள் போல, எனக்கு எங்கே தெரியும், வெள்ளிக்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ், மதிய இடைவேளையில் பேசுகிறாள்... "மூணு மணிக்குள்ள மெயில் போடணும், போறேன் இல்ல போகலன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னுட்டாங்க." எங்கே போவது? "கோயமுத்தூர் ஆபீஸ்தான்க்கா, புது டீம், ரெண்டு வருசம், இந்த மண்ணூர்பேட்டை ஆபீஸ்லருந்து என்னை ஒருத்தியத்தான் கேட்டிருக்காங்க." பிறகு ஒரு இடைவெளி, அக்கா ஏதோ கேட்கிறாள் போலிருக்கிறது. "அவருக்கா? இன்னும் சொல்லல." கண்ணைத் திறந்துவிட்டேன், ஆனால் உடம்பு அசையவில்லை, ஹெட்போனைக் கழற்றினால் நாற்காலி கிரீச்சிடும், கழற்றி வைக்கிற சத்தம் கேட்கும், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரிந்துவிடும், ஒட்டுக்கேட்டவன் ஆகிவிடுவேன், பாட்டை மறுபடி போட்டுவிட்டால்? விரல் பட்டன் மேலேயே இருக்கிறது, ஒரு அமுக்கு, வீணை வந்துவிடும், எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று ஆகிவிடும்... அமுக்கவில்லை, ஏன் அமுக்கவில்லை, கேட்க வேண்டும்போல இருந்தது, பயமாகவும் இருந்தது, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"போன ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னுதான் போனேன், கதவாண்ட நின்னேன், கையத் தூக்கிக் காட்டிட்டாரு, அப்புறம்னு அர்த்தம்." சிரித்தாளா? சிரிப்பு மாதிரிதான் கேட்டது, ஆனால் முடிகிற இடத்தில் கரகரப்பு, குரலின் நடுப்பகுதி எனக்கு ஞாபகம் இருப்பதைவிடக் கனமாக இருக்கிறது, மேல் ஸ்தாயி கொஞ்சம் உடைகிறது... சே, என்ன செய்துகொண்டிருக்கிறேன், மனைவி வீட்டை விட்டுப் போவதைப் பற்றிப் பேசுகிறாள், நான் அவள் குரலுக்கு விமர்சனம் எழுதுகிறேன். ஆனாலும் அந்தக் கரகரப்பு எப்போது வந்தது, கல்யாணமான புதிதில் இது இல்லை, அம்பத்தூர் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றால் பின்னால் உட்கார்ந்தபடி ரயில் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசுவாள், இறங்கிப் பேசேன் என்பேன், இரைச்சல்ல பேசினாத்தான் யாருக்கும் கேக்காது என்பாள், அந்தக் குரல் தெளிவாக இருக்கும், நடுவில் ஏதோ ஒரு வருடத்தில் இது வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை, ஊரில் இருக்கிற ஹெட்போன்களில் எல்லாம் எந்த இடத்தில் எது குறைகிறது என்று சொல்லத் தெரிந்த எனக்கு. மறுபடி இடைவெளி, இந்த முறை நீளமாக, ரேகா திட்டுகிறாள் என்று நினைக்கிறேன், அவள் திட்டக்கூடியவள்தான்.

"போகணும்னு ஆசையான்னா... என்ன சொல்றதுக்கா. இங்க இருக்கணும்னுகூட ஆசைதான்." இடைவெளி. "அவரு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகமாட்டேன்." இடைவெளி... வெளியே பீப் பீப் நின்றுவிட்டது. "நானாப் போயி கேட்டு வாங்கறதுக்கு அது என்ன பலகாரமா, அவருக்கா வரணும்." மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், என்ன பைத்தியக்காரத்தனம், ஓப்பன் பேக் என்றால் மூச்சுச் சத்தமுமா வெளியே போய்விடும். மனசுக்குள் ரேகாவைக் கெஞ்சினேன், போகாதே என்று சொல்லுங்கள், எனக்காக நீங்கள் சொல்லுங்கள், அந்த இடைவெளியில் அக்கா அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நம்பினேன், இப்படி வேலையை இன்னொருத்தர் தலையில் கட்டியே பழகிவிட்டது, கூரியர் வந்தால் அவள் இறங்கிப் போவாள், டாக்டர் சொன்னதை அம்மாவிடம் அவள்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன், நின்றேனா, அதுகூட நிச்சயமில்லை. "கேக்குதா?" என்றாள் பவ்யா ஹாலில், டவர் சரியாக இல்லை போல, "ஹலோ... கேக்குதா?" எனக்குத் துல்லியமாகக் கேட்டது. "சரி, கேக்கலேன்னா விடு. மூணு மணிக்கு நான் போறேன்னுதான் போடப்போறேன், இதுக்கு மேல..."

போன் அடித்தது, அவளுடைய போன், அந்த ரிங்டோன் எனக்குத் தெரியும், ஆனால் அடித்தது ஹாலில் இல்லை, இடது பக்கம், ரொம்பக் கிட்டத்தில், இந்த மேசையிலேயே... ஹெட்போன் ஏமாற்றுகிறதா, திசையை மாற்றிக் காட்டுகிறதா, அப்படியெல்லாம் காட்டாது, இது நேர்மையானது. பார்சல் கட்ட நான் வாங்கி வைத்திருந்த பபுள் ராப்பை விலக்கினேன், அதன் அடியில் சார்ஜர் வயரோடு அவள் போன் வெளிச்சம் போட்டுக்கொண்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஹாலில் அவள் பேச்சு பாதியில் நின்றுவிட்டது, காலையில் மேசைக்குப் பின்னால் குனிந்து செருகியது இதைத்தான், அப்படியானால் இவ்வளவு நேரம் எந்தப் போனில்... வேறு போன் கிடையாது அவளிடம். எடுத்தேன், எடுத்தால்தான் அந்தச் சத்தம் நிற்கும் என்று எடுத்தேன், வலைக்கு மேலேயே போனை வைத்துக்கொண்டேன், அதிலும் கேட்டது.

"மேடம், கூரியர் துலுக்கானம். பார்சல் ரெடியா கீதா?" நான் ஹலோ என்றேன். "சாரா? இன்னா சார், அதிசயமா நீங்க எடுக்குறீங்க, மேடம் ஊட்ல இல்லியா?" இருக்காங்க என்றேன், அந்த ஒரு வார்த்தை எனக்கே வினோதமாக இருந்தது. "சரி சார், உங்க தெருவுல தண்ணி லாரி குறுக்க நின்னுகினு கீது, அது நவுந்ததும் ஊட்டாண்ட வந்துட்டு ஹாரன் அடிக்கிறேன், பார்சல மட்டும் கட்டி வச்சிடுங்க, நேத்து மாதிரி நிக்க வச்சிடாதீங்க சார்." நேற்று எங்கே வந்தார், வேறு யாரையோ சொல்கிறார், சரி சரி என்று வைத்துவிட்டேன். லாப்டாப்பிலிருந்து பேசியிருப்பாள், இப்போதுதான் அதிலேயே பேசலாமே, ஆமாம், அப்படித்தான், எதற்குத் தேவையில்லாமல் குழப்பிக்கொள்கிறேன் என்று எழுந்தேன், ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டு கூடவே வந்தது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள், எதிரே தட்டில் பாதி உரித்த அவரைக்காய், லாப்டாப் ஓரத்தில் மூடிக் கிடந்தது, அதன் மேல் அவரை நரம்புகளைக் குவித்து வைத்திருந்தாள், ரொம்ப நேரமாக மூடித்தான் கிடக்கிறது. கையில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், பிறகு என் தலையைப் பார்த்தாள், பதறவில்லை, முகம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. காலையில் இவள்தானே சொன்னாள், உங்க காதுல கேக்குறதவிட ஹால்ல ஜாஸ்தி கேக்குது என்று, பாட்டு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அங்கிருந்தே இவளுக்குத் தெரியும், நின்ற பிறகுதான் பேச ஆரம்பித்தாள், அக்கா இல்லை, அக்கா அந்தப் பக்கம் இல்லவே இல்லை... அப்படியானால் அந்த இடைவெளிகள், ரேகா திட்டுகிறாள், ரேகா கேட்கிறாள் என்று நான் நிரப்பிக்கொண்டே போனேனே, அவ்வளவும் எனக்காக விட்டவை, ஒவ்வொன்றிலும் நான் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறாள், நான் ஒவ்வொன்றிலும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"யாரு, கூரியரா?" என்றாள். தண்ணி லாரி குறுக்க நிக்குதாம் என்றேன். "ம்." போனை மேசையில் வைத்தேன், அவள் எடுக்கவில்லை. "பார்சல் கட்டலியா?" கட்டணும் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டாள், தலையைக் குனிந்துகொண்டாள், இது இன்னொரு இடைவெளி என்று எனக்குத் தெரிந்தது, இதன் நீளம்கூடத் தெரிந்தது. போகாதே என்று சொல்லலாம், ஒரு வார்த்தைதான், ஆனால் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, கேட்பாள், கேட்க வேண்டும், நீ போய்விட்டால் கூரியரை யார் எடுப்பார்கள் என்கிற மாதிரி ஏதாவது என் வாயிலிருந்து வந்துவிட்டால்... அவள் இல்லாத இந்த ஹாலை நினைத்துப் பார்த்தேன், நினைத்ததுமே பழைய ஹெட்போனைத் தேடிக் கை போகிற மாதிரி இருந்தது. இதைச் சொல்லலாமா, இது ஒரு காரணமா, அல்லது இதுதான் அவள் போவதற்கே காரணமா. பேச வேண்டுமென்றால் முதலில் இதைக் கழற்ற வேண்டும் என்று நினைத்து, ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம், மேல் வீட்டுச் சத்தம், அவள் விரல் நகம் அவரைக்காயில் படுகிற சத்தம், எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, போட்டிருந்தபோது கேட்டது மாதிரியேதான் கேட்டது. அவள் தட்டிலிருந்து இன்னொரு காயை எடுத்தாள், உரிக்காமல் விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தாள், கீழே துலுக்கானம் ஹாரன் அடித்தார்.